தொண்ணூற்றெட்டுப் புள்ளி நான்கு

வியாழக்கிழமை முழுவதும் வேதா தூங்கினாள். எட்டு நாள் தொடர்ந்து பன்னிரண்டு மணி நேர ட்யூட்டி பார்த்தபின் கிடைத்த ஒரே ஓய்வு நாள் அது. புதன்கிழமை சேலையூர் அறைக்கு வந்ததும் செல்போனை அணைத்துவிட்டுப் பாயில் விழுந்தாள். நடுவில் ஒருமுறை எழுந்து தண்ணீர் குடித்தாள்; அப்போது வெளியே வெயில் இருந்ததா, விளக்கு எரிந்ததா என்று நினைவில்லை. கனவில் கோவளத்துக் கடல் வந்தது. அலையே இல்லாமல், தட்டில் ஊற்றிவைத்த பாதரசம்போல அசையாமல் கிடந்தது. அம்மா கன்னியம்மா மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அதன்மேல் நடந்து போய்க்கொண்டிருந்தாள். அவள் கால் நனையவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு விழித்தபோது பக்கத்துப் பாய் சுருட்டியபடியே சுவரோரம் நின்றது. அறைத்தோழி ரேஷ்மா வந்திருக்கவில்லை. டபுள் ட்யூட்டி போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது என்று வேதா நினைத்தாள். பன்றிக் காய்ச்சல் வந்த இந்த ஆகஸ்ட் மாதத்தில் அது ஒன்றும் அதிசயமில்லை. அப்படி நினைத்துக்கொண்டேதான் பல் தேய்த்தாள், தலை வாரினாள். 

ஷேர் ஆட்டோவில் எதிரே இருந்த அம்மாள் அவளுடைய வெள்ளை ஷூவைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, மடியில் இருந்த குழந்தையை மறுபக்கம் திருப்பி வைத்தாள். தாம்பரம் சப்வேயில் பாதிப் பேர் கைக்குட்டை கட்டியிருந்தார்கள். பச்சை மாஸ்க்கைப் பூக்கட்டி விற்பதுபோலக் கம்பியில் கோத்து ஒருவன் விற்றுக்கொண்டிருந்தான்.

ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்தது அந்தத் தனியார் ஆஸ்பத்திரி. மூன்றாவது மாடியில் ஐ.சி.யூ. வாசலில் ஆயா மாரி துடைப்பத்தோடு நின்றிருந்தாள். வேதாவைக் கண்டதும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

"இன்னா சிஸ்டர்மா, போனு இன்னாத்துக்கு வச்சிகினு கீற? எத்தினி தபா அடிக்கிறது?"

"ஆஃப் பண்ணிட்டேன். ஏன்?"

"நம்ம ரேஷ்மா பொண்ணு நேத்து மூணு மணிக்கு அப்டியே சாஞ்சிடுச்சி. மருந்து தட்டோட. நாலாம் நம்பர்ல போட்டுக்கீறாங்க."

வேதா வாசலில் இருந்த சின்ன மேஜையைப் பார்த்தாள். அதன்மேல் ஒரு தெர்மாமீட்டரும் ஸ்பிரிட் பஞ்சும் நாற்பது பக்க நோட்டு ஒன்றும் இருந்தன.

அது காய்ச்சல் நோட்டு. ஐ.சி.யூ.வுக்குள் போகும் நர்ஸ்கள் இரண்டிரண்டு பேராக ஒருவர் ஒருவருக்கு அக்குளில் தெர்மாமீட்டர் வைத்து, மூன்று நிமிடம் கழித்துப் பார்த்து, எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தொண்ணூற்றொன்பதரைக்கு மேல் இருந்தால் உள்ளே வரக் கூடாது, வீட்டுக்குப் போக வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வீட்டுக்குப் போனவளுக்குப் பதில் யாரும் வரமாட்டார்கள். பதினான்கு பேர் இருந்த இடத்தில் ஐந்து பேர் வேலையே வேண்டாம் என்று ஓடிவிட்டார்கள், இரண்டு பேர் படுத்திருந்தார்கள். ஆகவே மாதம் பிறந்து ஒரு வாரத்திலேயே அந்த நோட்டு பாதி உண்மையாகவும் பாதி வழக்கமாகவும் ஆகிவிட்டது. காலையில் இரண்டு பாராசிட்டமால் விழுங்கிவிட்டு வருவதற்கு அவர்களுக்குள் 'கேட் பாஸ்' என்று பெயர். அதைச் சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள்.

திங்கட்கிழமை ரேஷ்மாவின் அக்குளிலிருந்து எடுத்த தெர்மாமீட்டரில் வெள்ளிக்கோடு நூற்றியொன்றைத் தொட்டு நின்றது. வேதா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கேட் பாஸ் போடலியாடி?"

"போட்டுட்டுத்தான் இது" என்றாள் ரேஷ்மா. கண்கள் சிவந்திருந்தன. "எழுதாதடி. லீவ் போட்டா பாண்டுல சேத்துடுவாங்க. முப்பத்தொண்ணாந் தேதியோட முடியுது. இன்னும் மூணே வாரம்."

வேலையில் சேரும்போதே நர்ஸ்களின் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை ஆஸ்பத்திரி வாங்கி வைத்துக்கொள்ளும். பாண்டு என்ற அந்த ஒப்பந்தக் காலம் முடிந்தால்தான் திருப்பித் தருவார்கள். இடையில் எத்தனை நாள் லீவ் எடுத்தாலும் பாண்டு அத்தனை நாள் தள்ளிப்போகும். ரேஷ்மாவின் கணவன் டேனியல் மஸ்கட்டில் இருந்தான். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை தயாராக இருந்தது. செப்டம்பர் ஐந்தாம் தேதி சேர வேண்டும். கல்யாணமான பதினான்கு மாதத்தில் இருவரும் சேர்ந்து இருந்தது இருபத்திரண்டு நாள்.

வேதா தெர்மாமீட்டரை உதறினாள். மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டினால் போதும், பாதரசம் கீழே இறங்கிவிடும். பிறகு அது எங்கே நின்றது என்பதற்குச் சாட்சியே கிடையாது. நோட்டில் 98.4 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். செவ்வாயும் அப்படியே. புதனும் அப்படியே.

ரேஷ்மாவுக்காகத்தான் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ரேஷ்மா லீவில் போயிருந்தால் வியாழக்கிழமை வேதாவுக்கு ஓய்வு கிடைத்திருக்காது. மணிக்கட்டைச் சுண்டும்போது மூன்று நாளும் அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது அந்தப் பாய்தான், அந்தத் தூக்கம்தான். அது அவளுக்குத் தெரியும்.

ஆணியில் பெயர் எழுதிய காகிதக் கவர்கள் தொங்கின. ஆளுக்கு வாரத்துக்கு ஒரு மாஸ்க். ட்யூட்டி முடிந்தால் கழற்றி அவரவர் கவரில் போட வேண்டும். ரேஷ்மாவின் கவர் காலியாக இருந்தது. வேதா தன் மாஸ்க்கை எடுத்து மாட்டினாள். மூக்கின் மேலிருந்த பழைய தழும்பில் கம்பி சரியாகப் போய் உட்கார்ந்தது.

உள்ளே ஐந்து வென்டிலேட்டர்கள். அவற்றில் நான்கு ஓடிக்கொண்டிருந்தன. நாலாம் நம்பர் கட்டிலில் ரேஷ்மா, முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க்கோடு, பாதி உட்கார்ந்த நிலையில் இருந்தாள். ஐந்தாவது வென்டிலேட்டர் அவள் தலைமாட்டில் தயாராக நின்றது. மணி ஏழரை. முந்தைய ட்யூட்டிக்காரி சார்ட்டை ஒப்படைத்துவிட்டுத் தள்ளாடியபடி போனாள். சார்ட்டில் முதல் வரியாக இருந்தது: 'காய்ச்சல், ஒரு நாள்.'

"யாரு சொன்னது ஒரு நாள்னு?" என்று குனிந்து கேட்டாள் வேதா.

"நான்தான்." மாஸ்க்குக்குள் குரல் ஈரமாக ஒலித்தது. ரேஷ்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கை நெருப்பாகச் சுட்டது. "நீ எதுவும் சொல்லாத. தெரிஞ்சா உன்னையும் தூக்கிடுவாங்க. சர்டிபிகேட் தர மாட்டாங்க. பதினேழு நாள்தான்டி."

"லூசாடி நீ? ஆக்ஸிஜன் சாட்டுரேஷன் எண்பத்தொம்பது."

"நேத்து நீ தூங்குனியா?"

வேதா ஆக்ஸிஜன் மாஸ்க்கின் வாரை இழுத்துச் சரிசெய்தாள்.

"குறட்டை விட்டிருப்ப" என்றாள் ரேஷ்மா. சிரிக்கப் போய் இருமல் வந்தது. இருமல் நிற்க இரண்டு நிமிடம் ஆயிற்று.

எட்டு மணிக்கு டாக்டர் இளமாறன் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். மூன்று நாளாகச் சவரம் செய்யாத முகம். எக்ஸ்ரேயை ஜன்னலுக்கு எதிராகப் பிடித்துப் பார்த்தார். ரேஷ்மாவின் நெஞ்சுக்கூட்டின் இருபுறமும் பனி படர்ந்த கண்ணாடிபோல வெளுத்திருந்தது.

"ஒரு நாள் ஃபீவர்ல லங்ஸ் இப்படி ஆகாதே" என்றார். "ஃப்ளூவா இருந்தா நாலஞ்சு நாளாவது ஆகியிருக்கணும். இது வேற ஏதோ. ஆன்டிபயாடிக்கை மாத்துவோம். தொண்டை ஸ்வாப் கிண்டி லேபுக்குப் போயிருக்கில்ல?"

"நேத்து சாயங்காலமே போயிடுச்சு டாக்டர்" என்றார் ஞானம்மாள் சிஸ்டர். ஐ.சி.யூ.வின் இன்சார்ஜ் அவர். ஐம்பத்து நான்கு வயது, பருத்த உடம்பு, முழங்கால் வலி. "ஆனா நாளைக்குச் சுதந்திர தினம். ரிசல்ட் எப்போ வரும்னு தெரியல."

"அந்த கேப்ஸ்யூல் எவ்வளவு இருக்கு?"

"ரெண்டு பேருக்குத்தான் சார். திங்கக்கிழமைதான் ஹெல்த் ஆபீஸ்ல திரும்பக் குடுப்பாங்க."

பன்றிக் காய்ச்சலுக்கு அரசாங்கம் எண்ணிக் கொடுத்த மருந்து அது. ஞானம்மாள் சிஸ்டரின் மேஜை டிராயரில் பூட்டி வைத்திருந்தார்கள். டாக்டர் சார்ட்டை இன்னொரு முறை பார்த்தார். 'ஒரு நாள்' என்ற இடத்தில் அவருடைய பேனா நின்றது.

"ஸ்வாப் வரட்டும். அதுவரைக்கும் அதைத் தொட வேண்டாம். ஃப்ளூதான்னு நிச்சயமா தெரியற கேஸ் வந்தா என்ன பண்றது?"

வேதா வாயைத் திறந்தாள். கட்டிலின் ஓரத்திலிருந்து ரேஷ்மாவின் விரல்கள் அவள் கவுனைப் பற்றின. டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார்.

மருந்துகள் வைக்கும் சிறிய அறையில் ஞானம்மாள் சிஸ்டர் ஊசிக்குழல்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது வேதா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"சிஸ்டர், அவளுக்குத் திங்கக்கிழமையிலிருந்து ஜுரம். நோட்டுல நான்தான் மாத்தி எழுதினேன்."

ஞானம்மாள் சிஸ்டர் பிரிப்பதை நிறுத்தவில்லை.

"சிஸ்டர்."

"காது கேக்குது. தெரியும்."

"என்ன தெரியும்?"

"முப்பது வருஷமா ஜுரக்காரங்க மூஞ்சியத்தான் பாக்குறேன். செவ்வாக்கெழம அவ ஐ.வி. போடறப்ப கை நடுங்குச்சு. பாத்தேன். அன்னிக்கு மத்தியானம் நோட்டுல கீழ என் கையெழுத்தையும் போட்டேன்." அவர் தலையை நிமிர்த்தவில்லை. "அஞ்சு மெஷின், மூணு பொண்ணுங்க. அதுல அந்த நிஷா சேந்து ஒரு மாசம் ஆகல. சக்‌ஷன் போடக்கூடச் சரியா வராது. ஒருத்தியை வீட்டுக்கு அனுப்பினா எந்தக் கட்டில விடறது? நீ சொல்லு. ரெண்டாம் நம்பரையா, மூணாம் நம்பரையா?"

"இப்ப டாக்டர்கிட்ட சொல்லியாகணும்."

"சொன்னா உன்னத் தூக்குவாங்க. என்னையும் தூக்குவாங்க. அப்புறம் அந்த அஞ்சு பேரையும் நிஷா பாப்பாளா?" ஞானம்மாள் சிஸ்டரின் குரல் உடைந்தது. "சாயங்காலம் வரைக்கும் பாப்போம்டி. ஸ்வாப் வந்துட்டா தன்னால குடுத்துடுவாரு. யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்ல."

வேதா வெளியே வந்தாள். அது தப்பு என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் கணக்குச் சரியாகவும் இருந்தது. அடுத்த மூன்று மணி நேரம் அவள் அந்தக் கணக்குக்குள் வேலை செய்தாள். இரண்டாம் நம்பருக்குச் சளியை உறிஞ்சும் சக்‌ஷன் போட்டாள். மூன்றாம் நம்பரைப் புரட்டிப் படுக்கவைத்தாள். கவுனைக் கழற்றினால் மாற்றுக்கு வேறு கவுன் கொடுக்க மாட்டார்கள் என்பதால் காலையிலிருந்து யாரும் தண்ணீர் குடிக்கவில்லை, பாத்ரூம் போகவில்லை. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு முறை நாலாம் நம்பரைக் கடக்கும்போதும் மானிட்டரைப் பார்த்தாள். எண்பத்தொன்பது. எண்பத்தெட்டு. எண்பத்தேழு. கிணற்றில் வாளி இறங்குவதுபோல் ஒவ்வொரு கையளவாக இறங்கிக்கொண்டிருந்தது.

பதினொன்றரைக்கு மாரி, வேதாவின் செல்போனைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கதவு வழியாக நீட்டினாள். "மஸ்கட்டு. நிறுத்தாம அடிக்கிறாரு. எடு சிஸ்டர்மா, பாவம்."

"வேதா, அவ போன் ஏன் எடுக்கல? யாரோ ஆயா என்னமோ சொல்றாங்க, ஒண்ணும் புரியல." டேனியலின் குரலுக்குப் பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்தது. "என்கிட்ட ஜலதோஷம்னுதான் சொன்னா. திங்கக்கிழமை பேசறப்பவே குரல் சரியில்ல. ஃபீவரான்னு கேட்டேன். வேதா செக் பண்ணா, நார்மல்னு எழுதியிருக்கான்னா. நீ பாத்தேதானே?"

வேதா கவருக்குள் இருந்த போனைக் காதோடு அழுத்தினாள்.

"வேதா? நீ பாத்தேதானே?"

"பாத்தேன் அண்ணா."

"எவ்வளவு இருந்துச்சு?"

போனை மாரியின் கையில் கொடுத்துவிட்டு அவள் உள்ளே ஓடினாள். நாலாம் நம்பரின் அலாரம் அடித்துக்கொண்டிருந்தது. எண்பத்திரண்டு. ரேஷ்மாவின் உதடுகள் நீலமாகியிருந்தன. டாக்டர் இளமாறன் தலைமாட்டில் நின்று கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தார். தொண்டைக்குள் குழாய் போட்டு வென்டிலேட்டரில் இணைக்கப் போகிறார்கள். நிஷா மயக்க மருந்து ஊசியோடு நின்றாள்.

"டாக்டர்" என்றாள் வேதா. "இது ஒரு நாள் ஜுரம் இல்ல. திங்கக்கிழமைலேர்ந்து இருக்கு. திங்கள் நூத்தி ஒண்ணு. செவ்வாய் நூத்தி ஒண்ணரை. புதன் நூத்தி ரெண்டு, பாராசிட்டமால் போட்டும். நோட்டுல நான் பொய் எழுதினேன்."

அறையில் எல்லா இயந்திரங்களும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தன. ரேஷ்மா இன்னும் விழித்திருந்தாள். அவள் கண்கள் வேதாவின் பக்கம் திரும்பின. கோபமா, பயமா, வேறு ஏதாவதா என்று வேதாவால் சொல்ல முடியவில்லை. மாஸ்க்குக்கு மேலே கண்களை மட்டும் வைத்துக்கொண்டு யாருடைய மனதையும் படிக்க முடியாது என்பதை இந்த ஒரு மாதத்தில் அவள் கற்றிருந்தாள். பிறகு மருந்து ஏறி அந்தக் கண்கள் மூடிக்கொண்டன.

டாக்டர் குழாயைப் போட்டு முடித்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஞானம்மாள் சிஸ்டர், கேப்ஸ்யூலைப் பிரிச்சுத் தண்ணில கலந்து மூக்குக் குழாய் வழியா குடுங்க. இப்பவே." வேதாவின் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது. "காலைல எட்டு மணிக்கு நான் இதே இடத்துல நின்னேன்" என்றார். "நாலு மணி நேரம், சிஸ்டர்." அவ்வளவுதான் சொன்னார்.

மாலை நான்கு மணிக்குக் கீழே இருந்து ஒரு கடிதம் வந்தது. மாரி அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"இன்னா சிஸ்டர்மா இது, நோட்டீசா? படா பேஜாரா கீதே."

மறு உத்தரவு வரும்வரை செவிலியர் வேதவல்லி உடனடியாகப் பணியிலிருந்து விலக்கி வைக்கப்படுகிறார் என்று அதில் இருந்தது. ஞானம்மாள் சிஸ்டர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார். பிறகு நர்சிங் சூப்பரின்டென்டன்ட்டுக்குப் போன் செய்தார்.

"மேடம், லெட்டர் வந்துச்சு. இவளுக்கு ரிலீஃப் யாரு? … சரி மேடம். … ஆள் இல்லன்னா எப்படி மேடம் அனுப்பறது? பேஷண்ட்டை ஒப்படைக்காம நர்ஸ் போகக் கூடாதுன்னு ரூல் போட்டதே நீங்கதானே? … சரி. வந்ததும் அனுப்பிடறேன்."

கடிதத்தை மருந்துத் தட்டின் கீழ் செருகிவிட்டு, "ரெண்டாம் நம்பர் அலாரம் அடிக்குது, போ" என்றார்.

ரிலீஃப் வரவில்லை. விலக்கி வைக்கப்பட்ட வேதா அன்று ட்யூட்டி முடிந்தபின்னும் போகாமல், ஐ.சி.யூ. வாசலில் இருந்த பெஞ்சில் படுத்தாள். சனிக்கிழமை காலை மறுபடியும் அதே கவுனைக் கட்டிக்கொண்டாள். கீழே வண்டிகள் நிற்கும் இடத்தில் கொடி ஏற்றினார்கள். ஒலிபெருக்கியில் யாரோ பேசுவது மூன்று மாடி ஏறி வந்தது. டாக்டர்களும் நர்ஸ்களும் நாட்டின் வீரர்கள் என்றது அந்தக் குரல். பிறகு கைதட்டல். மாரி ஆளுக்கொரு ஆரஞ்சு மிட்டாய் கொண்டுவந்தாள். மாஸ்க்கைக் கழற்ற முடியாது என்பதால் யாரும் சாப்பிடவில்லை. ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்தார்கள்.

அன்று பகல் ரேஷ்மாவின் ஜுரம் நூற்றி நான்கு புள்ளி இரண்டு. வேதாதான் பார்த்தாள், அவள்தான் எழுதினாள். தெர்மாமீட்டரை உதறுவதற்கு முன் அதை நெடுநேரம் கையில் வைத்திருந்தாள். மூன்று மணிக்கு இரண்டாம் நம்பரில் இருந்த வண்டலூர்க்காரர் இறந்துபோனார். காட்டாங்குளத்தூரில் கல்லூரி பஸ் ஓட்டியவர். அவர் மனைவி கண்ணாடிக்கு வெளியே நின்று, அழாமல், "மூணு நாளா மூடியே வச்சிருக்கீங்களே, அந்த மூஞ்சத் தொறந்து காட்டுங்கம்மா, ஒருவாட்டி" என்றாள்.

நான்கு மணி வாக்கில் வேதாவுக்குக் குளிர ஆரம்பித்தது. முதலில் ஏ.சி. என்று நினைத்தாள். பிறகு முதுகெலும்பு வழியே ஓர் ஈரமான துணியை யாரோ இழுப்பதுபோல் இருந்தது. மருந்து எடுத்துக் கொடுக்கும்போது குப்பி கையில் ஆடியது. நிஷா பார்த்துவிட்டாள். வேதாவை வாசல் மேஜைக்கு இழுத்துக்கொண்டு போய், அக்குளில் தெர்மாமீட்டரை வைத்தாள். மூன்று நிமிடமும் இருவரும் எதிர்ச் சுவரில் தொங்கிய காகிதக் கவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நிஷாவுக்கு இருபத்தோரு வயது. தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தவள் பேனாவைத் திறந்தாள். நோட்டின் மேல் பேனா நின்றது. இதற்கு முந்தைய பக்கங்களில் எல்லாம் ஒரே எண்தான் இருந்தது, வெவ்வேறு கையெழுத்துகளில்.

"வேதாக்கா, என்ன எழுதட்டும்?"

"எவ்வளவு இருக்கு?"

"நூத்தி ஒண்ணு." நிஷா அழத் தொடங்கினாள். "நீங்க போயிட்டா நாலாம் நம்பரை நான் எப்படிக்கா பாப்பேன்? எனக்குப் பயமா இருக்கு. வேற மாதிரி எழுதிடட்டுமா? இன்னிக்கு ஒரு நாளைக்கு?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரேஷ்மாவின் நெஞ்சு இயந்திரத்தின் தாளத்துக்கு எழுந்து தாழ்ந்தது. ஒரு சுண்டு. மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டினால் வேதா அவள் பக்கத்திலேயே இருக்கலாம். அவளுக்கு எப்போது சளி அடைக்கும், எந்தப் பக்கம் திருப்பினால் சாட்டுரேஷன் ஏறும் என்று இந்த அறையில் வேதாவுக்குத்தான் தெரியும். நாளை ஒரு நாள். நாளை மறுநாள் கேப்ஸ்யூல் வந்துவிடும், ஆளும் வரலாம்.

அவள் நிஷாவின் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். 101 என்று எழுதினாள். எண் கோணலாக விழுந்தது. கையெழுத்துப் போட நிஷாவிடம் நோட்டைத் தள்ளினாள்.

ஞானம்மாள் சிஸ்டர் வந்து பார்த்தார். "பாவி" என்றார். "பாவி மகளே, நாலாம் நம்பரை இனிமே யாருடி பாப்பா?" வேதா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஞானம்மாள் சிஸ்டர் அவளை உலுக்கப் போவதுபோலக் கையை நீட்டினார். நீட்டிய கையால் அவள் கவுனின் முடிச்சை அவிழ்த்தார். அந்தக் கவுனை அப்படியே மாரியிடம் போட்டார். அலமாரியில் கடைசியாக இருந்த ஒன்றை எடுத்துத் தன் பருத்த உடம்பின் மேல் கட்டிக்கொண்டார். முதுகில் அது சேரவில்லை. நிஷா பிளாஸ்டர் ஒட்டினாள். பத்து வருடமாக மேஜையை விட்டு எழுந்து கட்டில் பார்க்காதவர், காலை இழுத்து இழுத்து நாலாம் நம்பருக்கு நடந்தார்.

ஐ.சி.யூ.வின் கடைசியில் துணிகள் அடுக்கும் அறை ஒன்று இருந்தது. அதைக் காலிசெய்து வேதாவை அதில் படுக்க வைத்தார்கள். கதவில் ஒரு சாண் அகலக் கண்ணாடி. இரண்டு பேருக்கென்று இருந்த கேப்ஸ்யூலில் மீதியிருந்தது அவளுக்கு வந்தது. விழுங்கும்போது தொண்டையில் ஒட்டிக்கொண்டது.

அந்த அறையிலிருந்து எதையும் பார்க்க முடியாது. கேட்க முடியும். ஒவ்வொரு கட்டிலின் அலாரமும் அவளுக்கு அடையாளம் தெரியும். ஒன்றாம் நம்பருடையது கீச்சென்று இருக்கும், நாலாம் நம்பருடையது கொஞ்சம் தாமதித்து இரண்டு இரண்டாக அடிக்கும். அடித்ததும் எண்ண ஆரம்பிப்பாள். ஏழு எண்ணுவதற்குள் நின்றால் ஞானம்மாள் சிஸ்டர் பக்கத்தில் இருக்கிறார். இருபதைத் தாண்டினால் அவர் வேறு கட்டிலில் இருக்கிறார். ஒருமுறை அறுபத்து மூன்று வரை எண்ணினாள். எழுந்து கதவை இரண்டு கையாலும் அறைந்தாள். அது நின்றது. யார் நிறுத்தினார்கள், எப்படி நின்றது என்று தெரியாமல் கதவோடு சாய்ந்து உட்கார்ந்தாள். ஜுரத்தில் மறுபடியும் அந்த அசையாத கடல் வந்தது. இந்த முறை அதன்மேல் யாரும் நடக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். ஞானம்மாள் சிஸ்டர். மாஸ்க்குக்கு மேல் கண்கள் குழிந்து, பத்து வயது கூடியிருந்தது. ரேஷ்மாவின் சார்ட்டைத் தூக்கிக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தார். கடைசிக் கட்டத்தில் விரலை வைத்துக் காட்டினார்.

98.4.

வேதா அதைப் பார்த்தாள். சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அந்த எண்ணை அவள் மூன்று முறை எழுதியிருக்கிறாள். அதன் வளைவுகள் எல்லாம் அவள் கைக்குத் தெரியும்.

"தெர்மாமீட்டரைக் காட்டுங்க" என்றாள்.

கண்ணாடிக்கு அப்பால் ஞானம்மாள் சிஸ்டர் கேட்காததுபோல் நின்றார்.

"உதறியிருக்க மாட்டீங்க சிஸ்டர். எனக்குத் தெரியும். காட்டுங்க."

அவர் பிறகு மெதுவாகத் திரும்பி, காலை இழுத்துக்கொண்டு போனார். திரும்பி வர நெடுநேரம் ஆயிற்று. கையுறை அணிந்த கையில் தெர்மாமீட்டரைப் படுக்கைவாட்டில் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தார். வேதா முகத்தைக் கண்ணாடியில் பதித்தாள். முதலில் வெறும் கண்ணாடிக் குச்சிதான் தெரிந்தது. "கொஞ்சம் திருப்புங்க. இன்னும் கொஞ்சம்." ஞானம்மாள் சிஸ்டர் விரல்களால் உருட்டினார். சட்டென்று வெள்ளிக்கோடு மின்னியது.

நூற்றியிரண்டு.

வேதாவின் மூச்சில் கண்ணாடி மங்கியது. கையால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். நூற்றியிரண்டுதான். நேற்று இந்த நேரத்துக்கு நூற்றி நான்கு புள்ளி இரண்டு.

"நீ தூங்கணும்னு எழுதினேன்" என்றார் ஞானம்மாள் சிஸ்டர். கதவு வழியாக அவர் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. "கதவப் போட்டு அப்படி அடிக்கிற. நிம்மதியா ரெண்டு மணி நேரம் தூங்குவன்னு நெனச்சேன்."

"சாட்டுரேஷன்?"

"தொண்ணூறு. சில நேரம் தொண்ணூத்தொண்ணு. மெஷின்லதான்." அவர் தெர்மாமீட்டரைக் கீழே இறக்கினார். "கண்ணு தொறக்கல இன்னும். எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியலடி. இவ்வளவுதான் இருக்கு."

"எழுதுங்க சிஸ்டர்."

ஞானம்மாள் சிஸ்டர் சார்ட்டைச் சுவரில் வைத்து, பழைய எண்ணின் குறுக்கே ஒரு கோடு கிழித்தார். பக்கத்தில் நூற்றியிரண்டு என்று எழுதித் தன் பெயரைச் சின்னதாகப் போட்டார். அதையும் தூக்கிக் காட்டினார். உள்ளேயிருந்து நாலாம் நம்பரின் அலாரம் இரண்டு இரண்டாக அடிக்கத் தொடங்கியது. அவர் திரும்பி, பிளாஸ்டர் பிரிந்து தொங்கும் முதுகோடு, தன்னால் எவ்வளவு வேகமாகப் போக முடியுமோ அவ்வளவு வேகமாகப் போனார்.

வேதா கண்ணாடியில் நெற்றியை வைத்து எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று.

ஒன்பதில் நின்றது.